எத்தனை வாட் போதும்? சிறிய வால்வு ஆம்ப்கள் குறித்த நெடுங்கால விவாதம்

மின்கிட்டார் உலகில் அறுபது ஆண்டுகளாக அடங்காத வாதம் ஒன்று உண்டு. வால்வு ஆம்ப் வாங்குகிறவருக்கு எத்தனை வாட் போதும்? 1965 வாக்கில் லண்டனில் கேட்டிருந்தால் 'கிடைப்பதில் பெரியது' என்றிருப்பார்கள். இன்று அதே கேள்விக்குக் 'கிடைப்பதில் சிறியது' என்று பதில் சொல்பவர்கள் ஏராளம். 100 வாட்டில் தொடங்கிய பேச்சு இறங்கி இறங்கிக் கால் வாட்டுக்கு வந்துவிட்டது. இரு தரப்பும் சண்டை போடுவது ஒரே அளவை வைத்துத்தான்: விளம்பரத்தில் அச்சிட்டிருக்கும் வாட் எண். அந்த எண் எவ்வளவு சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஓர் அடிப்படை. வானொலிப் பெட்டி ஒலியைச் சிதைக்காமல் பெருக்கித் தர வேண்டும். கிட்டார் ஆம்புக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அதன் எல்லையைத் தாண்டி வேலை வாங்கும்போது ஒலியலையின் உச்சி நசுங்கி, ஒரு கரகரப்பும் நீண்டு நிற்கும் நாதமும் பிறக்கின்றன. ராக், ப்ளூஸ் கலைஞர்கள் தேடிப்போவது பெரும்பாலும் இந்த டிஸ்டார்ஷனைத்தான். 100 வாட் ஆம்பை அந்த எல்லைக்குக் கொண்டுபோனால் ஜன்னல் அதிரும். 5 வாட் ஆம்ப் சீக்கிரமே அங்கே போய்விடும். குறைந்த வாட் கட்சியின் வாதம் முழுவதும் இந்த இரண்டு வரியில் அடங்கிவிடுகிறது. வாதம் தவறல்ல. எவ்வளவு தூரம் செல்லும் என்பதில்தான் சிக்கல்.

பெரிது பெரிதாகப் போன காலம்

1940களின் இறுதியில் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் விற்ற சாம்பியன் வகை ஆம்ப்கள் மாணவர்களுக்கானவை. மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிட்டாரோடு சேர்த்து விற்கப்பட்டவை. பின்னாளில் சாம்ப் என்று பெயர் சுருங்கிய அந்த ஆம்பில் ஒரே ஒரு 6வி6 பவர் வால்வு, அதற்கு முன்னால் ஒரு 12ஏஎக்ஸ்7, மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்க ஒரு 5ஒய்3, ஓர் 8 அங்குல ஸ்பீக்கர். வெளிவரும் திறன் ஏறத்தாழ 5 வாட். மேடைக்கு என்று அன்று யாரும் இதை நினைத்திருக்க மாட்டார்கள்.

மேடையின் தேவை வேறாக இருந்தது. மைக் பாடகருக்கு மட்டும்தான். கிட்டார் அரங்கம் முழுக்கக் கேட்க வேண்டுமானால் ஆம்பேதான் கத்தியாக வேண்டும். பிரிட்டனில் வாக்ஸ் நிறுவனத்தின் 15 வாட் ஏசி15, தி ஷேடோஸ் குழுவுக்குப் போதவில்லை, ஏசி30 பிறந்தது. கலிபோர்னியாவில் டிக் டேல் ஃபெண்டரின் ஆம்ப்களையும் ஸ்பீக்கர்களையும் ஒன்றன்பின் ஒன்றாக எரித்துத் தீர்த்ததில் ஷோமேன் உருவானது. 1962இல் லண்டனின் ஹான்வெல் பகுதியில் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் தன் கூட்டாளிகளோடு ஜேடிஎம்45ஐச் செய்தார். தி ஹூ குழுவின் பீட் டவுன்செண்ட் முதலானோர் விடாமல் கேட்க, 1965இல் மார்ஷலின் 100 வாட் ஆம்ப் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் 55,000க்கும் மேற்பட்டவர்கள் முன்னால் பீட்டில்ஸ் வாசித்தபோது, வாக்ஸின் 100 வாட் ஆம்ப்கள்கூட ரசிகர்களின் கூச்சலில் அமுங்கிப்போயின.

அந்தக் காலத்துக்கு அந்த விடை நியாயமானதே. ஆனால் நியாயத்தின் ஆயுள் குறைவு. 1967இல் இங்கிலாந்தின் விண்ட்சர் விழாவில் சார்லி வாட்கின்ஸ் 1000 வாட் ஒலிபெருக்கி அமைப்பை நிறுவினார்; அதன்பின் சில ஆண்டுகளிலேயே கிட்டார் ஆம்புக்கு முன்னாலும் ஒரு மைக் வைப்பது வழக்கமாயிற்று. அரங்கை நிரப்பும் பொறுப்பு ஆம்பிடமிருந்து கைமாறிவிட்டது. காரணம் போன பிறகும் பழக்கம் போகவில்லை. மேடையின் பின்சுவர்போல் அடுக்கிய ஸ்பீக்கர் பெட்டிகளில் பல வெறும் கூடுகள் என்பது ராக் உலகம் அறிந்த இரகசியம்.

மூர்த்தி சிறிது, கீர்த்தி பெரிது

எதிர்க் கட்சி ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து கிளம்பியது. 1970இல் மயாமியில் பதிவான 'லைலா' இசைத்தொகுப்பில் எரிக் கிளாப்டன் சாம்ப் போன்ற சிறிய ஃபெண்டர் ஆம்ப்களையே வாசித்தார் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. லெட் செப்பலின் குழுவின் முதல் தொகுப்பில் ஜிம்மி பேஜ் பயன்படுத்தியது ஒரு சிறிய சுப்ரோ. எந்த மாடல் என்பதில் இன்றும் சர்ச்சை உண்டு. சிறியது என்பதில் இல்லை. மேடையிலும் சான்று உண்டு. நீல் யங்கின் அரங்க ஒலிக்கு அடித்தளம் 1950களின் ஃபெண்டர் டீலக்ஸ்: 15 வாட் அளவிலான, ஒற்றை 12 அங்குல ஸ்பீக்கர் கொண்ட பெட்டி. அதன் வால்யூம் குமிழை மேடையில் காலால் மிதித்துத் திருப்புவதற்கென்றே ஒரு மோட்டார் கருவியைச் செய்துவைத்திருக்கிறார். வால்யூமைத் திருப்பினால் சத்தம் மட்டும் மாறுவதில்லை, நாதமே மாறுகிறது என்பதற்கு இதைவிட நல்ல செயல்விளக்கம் கிடையாது.

இந்தச் சான்றுகளை அப்படியே ஏற்பதற்கு முன் ஓர் எச்சரிக்கை. பதிவில் கிட்டார் 'பெரிதாக'க் கேட்பது ஆம்பின் சத்தத்தால் அல்ல. 8 அங்குல ஸ்பீக்கருக்கு ஒரு சாண் தள்ளி மைக் வைத்தால், அந்தச் சின்னப் பெட்டியின் ஒலி பாடல் முழுவதையும் ஆக்கிரமிக்கும்படி கலவையில் உயர்த்திவிடலாம். நீல் யங்கின் டீலக்ஸும் தனியாக நிற்பதில்லை. பக்கத்தில் வேறு ஆம்ப்களும் அரங்கின் ஒலிபெருக்கிகளும் துணைக்கு இருக்கின்றன. பதிவுக் கூடத்துக்குப் பொருந்திய விடை படுக்கையறைக்கும் ஒத்திகை அறைக்கும் பொருந்தும் என்று இவை நிரூபிக்கவில்லை.

சந்தை இவ்வளவு யோசிக்கவில்லை. 2000களின் நடுவில் எபிஃபோன் 5 வாட் வால்வ் ஜூனியரைக் குறைந்த விலைக்குக் கொண்டுவந்தது. 2006இல் ஆரஞ்ச் நிறுவனம் கையில் தூக்கிப்போகும் அளவுக்கு 15 வாட் டைனி டெரரை வெளியிட்டது. அதைப் பார்த்து ஒவ்வொரு நிறுவனமும் சாப்பாட்டு டப்பா அளவில் ஆம்ப் செய்யத் தொடங்கியது. 2009இல் வாக்ஸின் ஏசி4டிவி 4 வாட், 1 வாட், கால் வாட் என மூன்று நிலைகளோடு வந்தது. மார்ஷலே தன் பொன்விழா ஆண்டான 2012இல் 1 வாட் ஆம்ப்களை வரிசையாக வெளியிட்டது. ஐம்பது ஆண்டுகளில் இவ்வளவு தூரம்!

வால்வுக்குள் என்ன நடக்கிறது

வால்வின் சிதைவு ஏன் காதுக்கு இனிக்கிறது என்ற கேள்விக்கு அதிகம் மேற்கோள் காட்டப்படும் கட்டுரை ரஸ்ஸல் ஹாம் 1973இல் ஒலிப் பொறியியல் கழகத்தின் ஆய்விதழில் எழுதியது. மிகைச்சுமையில் வால்வு சுற்றுகள் இரண்டாம், மூன்றாம் இணையொலிகளைத் தூக்கலாகத் தருகின்றன, டிரான்சிஸ்டர் சுற்றுகளின் சிதைவு வேறு விதமாக அமைகிறது என்பது அதன் சாரம். இரண்டாம் இணையொலி என்பது அதே சுரத்தின் மேல் ஸ்தாயி. ஆகவே உறுத்தாது. விளக்கம் அழகாக இருப்பதால் ஆம்ப் விளம்பரங்களுக்குள்ளும் நுழைந்துவிட்டது.

பலவீனம் இரண்டு. ஹாம் அளந்தது மைக் முன்பெருக்கிகளை, கிட்டார் ஆம்ப்களை அல்ல. மேலும், கிட்டார் ஆம்ப்களின் பவர் பகுதி இரண்டு வகைப்படும். சாம்ப் போன்றவற்றில் ஒற்றைப் பவர் வால்வு அலை முழுவதையும் சுமக்கிறது. அங்கே இரண்டாம் இணையொலி தாராளம். ஏசி15, ஃபெண்டரின் டீலக்ஸ் ரிவெர்ப் போன்றவற்றில் இரண்டு வால்வுகள் எதிரெதிராக நின்று அலையைத் தள்ளி இழுக்கின்றன. அந்த அமைப்பில் பவர் பகுதியில் உண்டாகும் இரட்டைப்படை இணையொலிகள் பெரும்பாலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். உலகம் கொண்டாடும் ராக் நாதங்களில் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகை ஆம்ப்களிலிருந்து வந்தவை. அப்படியானால் இனிமைக்கு இரண்டாம் இணையொலி மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது.

வால்வே வேண்டும் என்ற நம்பிக்கைக்கும் ஓர் இடைஞ்சல் உண்டு. குயின் குழுவின் பேஸ் கலைஞர் ஜான் டீக்கன் 1970களின் தொடக்கத்தில் குப்பையில் கண்டெடுத்த ஒரு சுற்றுப் பலகையை வைத்துச் சின்ன ஆம்ப் ஒன்று செய்தார். பேட்டரியில் ஓடுவது, ஒரு வாட்கூடத் தேறாதது, முழுக்க ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர். பிரையன் மே அந்தக் குழுவின் பதிவுகளில் வயலின் கூட்டம்போல் அடுக்கிய கிட்டார் ஒலிகளில் பல அதிலிருந்து வந்தவை. அது விதிவிலக்கு என்று தள்ளலாம். ஆனால் விதி எது என்று தெரிந்த பிறகல்லவா விலக்கைப் பேச முடியும்?

டெசிபல் கணக்கு

வாட் விவாதத்தில் பெரும்பாலோர் தாண்டிக் குதித்துவிடும் இடம் இது. திறன் இரட்டிப்பானால் ஒலி அளவு 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும். அதற்குத் திறன் பத்து மடங்காக வேண்டும். 50 வாட் ஆம்ப், 5 வாட் ஆம்பைவிட இரண்டு மடங்கு சத்தம், அவ்வளவுதான். 15 வாட்டுக்கும் 30 வாட்டுக்கும் உள்ள வேறுபாடு, கவனித்துக் கேட்டால் தெரியும் அளவு.

இதை ஓர் உண்மை ஸ்பீக்கரில் வைத்துப் பார்ப்போம். செலஸ்டியன் விண்டேஜ் 30 என்ற புகழ்பெற்ற 12 அங்குல ஸ்பீக்கரின் உணர்திறன் 100 டெசிபல்: 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் 100 டெசிபல். 5 வாட்டுக்கு 107. 15 வாட்டுக்கு ஏறத்தாழ 112. 100 வாட்டுக்கு 120. இப்போது எதிர்த்திசையில் இறங்குவோம். ஏசி4டிவி தரும் கால் வாட்டை இந்த ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் 94 டெசிபல். அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு நலவாழ்வு நிறுவனத்தின் பரிந்துரைப்படி 85 டெசிபலை நாளொன்றுக்கு 8 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 94 டெசிபலுக்கு 1 மணி நேரம்தான். 100 டெசிபலுக்கு 15 நிமிடம். 'படுக்கையறை ஆம்ப்' என்று விற்கப்படும் கால் வாட் முழு மூச்சில் ஓடினால் இதுதான் நிலைமை. இந்தப் பரிந்துரை காதின் இயல்புக்கேற்பத் திருத்திய அளவுகோலில் சொல்லப்படுவதால் கணக்கு தோராயமானதே, திசை மாறாது.

வீட்டில் தொலைக்காட்சிச் சத்தத்தோடு ஒத்துப்போகும் 70 டெசிபலுக்கு இதே ஸ்பீக்கருக்கு எவ்வளவு திறன் வேண்டும்? ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 80 டெசிபலுக்கு நூறில் ஒரு பங்கு. வீட்டு ஒலியில் 5 வாட் ஆம்ப், 50 வாட் ஆம்ப் இரண்டுமே தம் திறனில் அரைக்கால்கூடத் தொடுவதில்லை. இரண்டின் பவர் வால்வுகளும் சும்மா உட்கார்ந்திருக்கின்றன. குறைந்த வாட் வாங்கினால் வீட்டிலேயே பவர் வால்வின் டிஸ்டார்ஷன் கிடைக்கும் என்ற வாக்குறுதி இந்தக் கணக்கின் முன்னால் நிற்காது. அடுக்குமாடியில் குடியிருப்பவருக்கு 5 வாட்டும் 'அதிக வாட்'தான்.

சத்தம் குறைய, சுவை குறையாமல்

இந்த முட்டுச்சந்திலிருந்து வெளியேற வழிகள் பல காலமாகத் தேடப்பட்டிருக்கின்றன. மிகப் பழையது மாஸ்டர் வால்யூம்: சிதைவை முன்பெருக்கியிலேயே உண்டாக்கிவிட்டு, பவர் பகுதிக்குப் போகும் அளவைக் குறைப்பது. ஃபெண்டரின் சிறிய பிரின்ஸ்டன் பெட்டிக்குள் பெரிய ஆம்பை அடக்கிப் பெயர் வாங்கிய ராண்டல் ஸ்மித், 1970களில் மெசா பூகியில் இதை வளர்த்தெடுத்தார். 1975இல் மார்ஷலின் 2203 இதை நிலைநிறுத்தியது. பவர் வால்வு சிதைந்தால்தான் 'அசல்' என்பவர்கள் இதைக் குறைவாகப் பேசுவார்கள். ஆனால் 1980களுக்குப் பின் வந்த கடின ராக், மெட்டல் நாதங்கள் பெரும்பாலும் முன்பெருக்கியில் பிறந்தவை. எந்த இசைக்கு என்று கேட்காமல் அசல், போலி என்று தீர்ப்பெழுதுவது வீண்.

அடுத்தது அட்டென்யுவேட்டர்: ஆம்பை முழு மூச்சில் ஓடவிட்டு, ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் திறனை வெப்பமாக்கி வீணடிக்கும் பெட்டி. பாஸ்டன் குழுவின் டாம் ஷோல்ஸ் பவர் சோக் என்ற பெயரில் இதைப் பிரபலமாக்கினார். தொடக்ககாலப் பெட்டிகள் வெறும் மின்தடைகள். ஸ்பீக்கர் வெறும் மின்தடை அல்ல என்பதே அவற்றின் குறை. 8 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கரின் மின்மறுப்பு அதன் இயல்பதிர்வெண்ணில் பல மடங்கு எகிறும். மேல்சுரங்களிலும் மெல்ல ஏறும். வால்வு ஆம்ப் அந்த ஏற்ற இறக்கத்தைப் பின்பற்றியே ஒலிக்கிறது. அதை மின்தடையால் சமப்படுத்தினால் ஒலி தட்டையாகிவிடும். ஸ்பீக்கரின் இந்த நடத்தையைப் போலச் செய்யும் சுமைகள் பின்னர் வந்தன. யுனிவர்சல் ஆடியோவின் ஆக்ஸ் அவற்றில் ஒன்று. நல்ல அட்டென்யுவேட்டரின் விலையில் நல்ல சிறிய ஆம்ப் ஒன்றையே வாங்கிவிடலாம் என்பது வேறு கதை. பவர் வால்வுகள் எந்நேரமும் முழுச் சுமையில் ஓடுவதால் சீக்கிரம் தேய்வதும் உண்டு.

பவர் வால்வுக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தையே குறைப்பது மூன்றாம் வழி. கெவின் ஓ'கானர் பவர் ஸ்கேலிங் என்ற பெயரில் இதை வளர்த்தார். பரவலாகாததற்குச் செலவும் சிக்கலும் காரணமாக இருக்கலாம்.

எந்த வழியானாலும் ஒரு தடை எஞ்சும், அது ஆம்புக்குள் இல்லை. பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் 1933இல் காட்டியபடி, ஒலி குறையக் குறையக் காது கீழ்ச்சுரங்களை விகிதத்துக்கு மீறி இழக்கிறது. 100 டெசிபலில் தடித்துக் கேட்ட அதே நாதம் 70 டெசிபலில் மெலிந்து கேட்கும். அட்டென்யுவேட்டர் 'நாதத்தை உறிஞ்சிவிட்டது' என்று புகார் சொல்பவர்கள் ஓரளவேனும் தங்கள் காதைத்தான் குற்றம் சாட்டுகிறார்கள்.

ஸ்பீக்கர் என்ற மறந்துபோன பாதி

வாட் எண்ணைப் பெரிய எழுத்தில் போடும் நிறுவனங்கள் ஸ்பீக்கரின் உணர்திறனைப் பெரும்பாலும் சொல்வதே இல்லை. ஆனால் அதன் எடை வாட்டுக்கு ஈடானது. 92 டெசிபல் உணர்திறனுள்ள ஒரு சிறிய 8 அங்குல ஸ்பீக்கரில் 5 வாட் தரும் ஒலி 99 டெசிபல். அதே ஆம்பை 100 டெசிபல் 12 அங்குல ஸ்பீக்கரில் இணைத்தால் 107. இந்த 8 டெசிபல் வேறுபாட்டை ஆம்பை மாற்றி ஈட்ட வேண்டுமானால் 30 வாட்டுக்கு மேல் வேண்டும். சாம்ப் வைத்திருப்பவர்கள் அதைப் பெரிய பெட்டியில் இணைத்துப் பார்த்து வியப்பது இதனால்தான். ஓம் அளவு பொருந்த வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

இதைத் திருப்பியும் பயன்படுத்தலாம். உணர்திறன் குறைந்த ஸ்பீக்கரைப் பொருத்தினால் நாதம் பெரிதாகக் கெடாமல் சத்தம் இறங்கும். எமினன்ஸ் நிறுவனம் காந்தப் புலத்தைத் திருகிக் குறைத்து 9 டெசிபல் வரை இறக்கும் ஸ்பீக்கர்களைக்கூட விற்றிருக்கிறது. 15 வாட் ஆம்பை 2 வாட் ஆம்பாக நடத்துவதற்கு ஒப்பானது அது. இந்த வழி ஏன் இன்னும் பேசப்படவில்லை என்பது புதிர்தான். ஸ்பீக்கர் மாற்றத் திருப்புளி வேண்டும், புது ஆம்ப் வாங்கப் பணம் மட்டும் போதும் என்பதாலோ என்னவோ.

டிரம்ஸ் பக்கத்தில்

குழுவோடு வாசிப்பவருக்குக் கணக்கு வேறு. மைக் இல்லாத டிரம்ஸே ஒத்திகை அறையில் 100 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். 12 அங்குல ஸ்பீக்கரில் 5 வாட் 107 டெசிபல் தருகிறதே, போதாதா? போதும், சிதைந்த ஒலியாக மட்டும். தெளிந்த ஒலிக்குத் தலைக்கு மேல் இடம் வேண்டும். கிட்டார் தந்தியை அடிக்கும் கணத்தின் உச்சி, சராசரி ஒலியைவிட 10 டெசிபலுக்கு மேல் எழும்பக்கூடும். அந்த உச்சி நசுங்காமல் போக வேண்டுமானால் சராசரியாக 100 டெசிபல் வாசிப்பவருக்கு 110 டெசிபல் தரும் ஆம்ப் வேண்டும். 5 வாட் அங்கே தோற்கிறது. 15 முதல் 22 வாட் தாக்குப்பிடிக்கிறது. பெடல்களை நம்பி வாசிப்பவருக்கும் இதே இடைவெளி தேவை.

நீண்ட காலமாகச் சிறு அரங்குகளில் தாக்குப்பிடித்த ஆம்ப்களைப் பார்த்தால் இந்தக் கணக்கு பொருந்துகிறது: 1963இல் வந்த 22 வாட் டீலக்ஸ் ரிவெர்ப், 1964இன் பிரின்ஸ்டன் ரிவெர்ப், இரண்டு இஎல்84 வால்வுகளில் ஓடும் ஏசி15, 1995இன் ப்ளூஸ் ஜூனியர். எல்லாமே 12 முதல் 22 வாட்டுக்குள், 10 அல்லது 12 அங்குல ஸ்பீக்கரோடு. தற்செயலாக இருக்க முடியாது.

வீடு, அதுவும் நம் வீடு

இந்தியாவின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளில், ஜன்னல் திறந்தே இருக்கும் ஊரில், மேலே சொன்ன கால் வாட்டே இந்த வரம்பைச் சிரமமின்றி உடைத்துவிடும். அதோடு வால்வு ஆம்ப் சூடு கக்கும் பண்டம். சித்திரை வெயிலில் சின்ன அறையில் அதுவும் கணக்கில் வரும்.

வெளிநாட்டிலிருந்து வரும் பழைய அமெரிக்க ஆம்ப்கள் 120 வோல்ட்டுக்கானவை. நம் 230 வோல்ட்டில் நேராகச் சொருகினால் உள்ளே எரிந்துவிடும். போதிய திறனுள்ள ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வால்வு ஆம்பை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும் அபாயம் உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகளில் உயிரைப் பறிக்கும் அளவு மின்னழுத்தம் தங்கியிருக்கலாம், ஆகவே விவரம் தெரியாதவர்கள் பின்பலகையைத் திறக்கக் கூடாது.

உதிரி வால்வுக்கு என்ன வழி என்பதும் வாங்கும் முன்பே கேட்க வேண்டியது. ஒரு காலத்தில் பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸே வானொலி வால்வுகளைத் தயாரித்தது. இன்று உலகத் தேவையில் பெரும்பகுதியை ரஷ்யாவின் சரடோவ், ஸ்லோவாக்கியாவின் சாட்சா, சீனா என்று விரல் விட்டு எண்ணக்கூடிய ஆலைகளே நிறைவேற்றுகின்றன. 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்ய வால்வுகளின் வரத்து தடைபட்டு விலை ஏறியது. ஒற்றைப் பவர் வால்வு ஆம்புக்கு இங்கே ஒரு சாதகம்: மாற்ற வேண்டியது ஒன்றுதான், ஜோடி பொருத்தம் பார்க்க வேண்டியதில்லை.

வால்வே இல்லாத விடை

வால்வின் ஒலியை டிஜிட்டலாகப் போலச்செய்யும் கட்சி ஒன்றும் உண்டு. 1998இல் லைன் 6 நிறுவனத்தின் பாட், 2011இல் யமஹாவின் டிஎச்ஆர் மேசை ஆம்ப்கள், 2019இல் டீலக்ஸ் ரிவெர்பையே டிஜிட்டலாக்கிய ஃபெண்டர் டோன் மாஸ்டர் என்று இந்தக் கட்சி வளர்ந்துகொண்டே போகிறது. டோன் மாஸ்டரில் 22 வாட்டிலிருந்து 0.2 வாட் வரை இறங்கும் நிலைகள் உண்டு. எடை அசலில் ஏறத்தாழ பாதி. வீட்டு ஒலியில் பவர் வால்வு சும்மா இருக்கிறது என்ற மேற்கண்ட கணக்கை ஏற்றால், வீட்டுக்கு மட்டும் வாங்குகிறவரிடம் வால்வை வற்புறுத்த வலுவான காரணம் இல்லை என்றே தோன்றுகிறது. விரலுக்கும் ஒலிக்கும் நடுவிலான உணர்வு வேறுபடுகிறது என்று வால்வு அன்பர்கள் சொல்வதைப் புறக்கணிக்கவும் முடியாது. பதிவில் இரண்டையும் பிரித்தறியத் தவறுபவர்கள்கூட, வாசிக்கும்போது பிரித்தறிய முடிகிறது என்கிறார்கள். டிஜிட்டலின் தெளிவான பலவீனம் வேறு: பத்தாண்டு கழித்து அதைப் பழுதுபார்க்க முடியுமா என்பது. 1957இன் சாம்பை இன்றும் எந்த வானொலி மெக்கானிக்கும் சரிசெய்துவிடலாம்.

எஞ்சி நிற்பவை

மூன்று விஷயங்கள் இன்னும் முடிவாகவில்லை. வாசிப்பவரே கண்ணைக் கட்டிக்கொண்டு, ஒலி அளவைத் துல்லியமாகச் சமப்படுத்தி, வால்வையும் போலியையும் ஒப்பிடும் சோதனைகள் போதிய அளவு வேண்டும். கேட்பவரை வைத்துச் செய்யும் சோதனை இந்தக் கேள்விக்குப் பதிலாகாது. இரண்டாவது, சத்தமே நாதத்தின் ஒரு பகுதியா என்பது. உரத்த ஆம்பின் ஒலி காற்றில் திரும்பி வந்து தந்திகளை மீண்டும் அதிரச் செய்கிறது, சுரம் நீள்கிறது. இது இயற்பியல், மாயையல்ல. இதைக் குறைந்த ஒலியில் எந்தக் கருவியும் முழுமையாகத் தரவில்லை. தர முடியுமா என்பதும் ஐயமே. மூன்றாவது, மிகச் சிறிய ஆம்ப்களின் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்கள் சிறுத்துப்போவதால் இழக்கப்படும் கீழ்ச்சுரத்தில் எவ்வளவு நாதத்தின் இயல்பு, எவ்வளவு தயாரிப்பாளரின் சிக்கனம் என்பது.

இவற்றை ஒதுக்கிவிட்டு இப்போதைக்குச் சொல்லக்கூடியது இதுதான். குழுவிலும் வீட்டிலும் ஒரே ஆம்ப் என்றால் 12 முதல் 22 வாட், இரண்டு பவர் வால்வு, மாஸ்டர் வால்யூம், வெளி ஸ்பீக்கர் இணைப்பு. பதிவுக்கும், சத்தம் போட இடமுள்ள தனி வீட்டுக்கும் 5 வாட் சிறப்பு. அடுக்குமாடியில் இரவு வாசிப்பவர் 1 வாட் வால்வுக்குக் கொடுக்கும் பணத்துக்கு டிஜிட்டல் ஆம்பும் நல்ல ஹெட்போனும் வாங்கலாம். எதை வாங்கினாலும், கடைக்காரரிடம் வாட் கேட்பதோடு நிறுத்தாமல் ஸ்பீக்கரின் உணர்திறன் எத்தனை டெசிபல் என்றும் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால், வீட்டில் வாசிக்கப்போகும் ஒலி அளவிலேயே கடையில் வாசித்துப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.